கண்டக்டர் இல்லாத நேரம்

என் எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கும், கோட்டுக்குள் அடங்காது. பொறுத்துக்கொள்ள வேண்டும். சாரம் கட்டிப் பழகிய கை இது. பேனாவையும் கம்பைப் பிடிக்கிற மாதிரிதான் பிடிக்கிறது. நீ வாயால் சொல், நாங்கள் எழுதிக்கொள்கிறோம் என்று ஸ்டேஷனில் நீங்கள் நல்ல மனதோடுதான் சொன்னீர்கள், ஐயா. நானே எழுதுகிறேன் என்றேன். இந்த எழுத்து எனக்கு எப்படி வந்தது என்பதும் நடந்ததில் சேர்ந்த விஷயம்தான்.

உயரமான கட்டடங்களுக்கு வெளியே சாரம் கட்டுவது என் பிழைப்பாக இருந்தது. விழுந்து இடுப்பு போன பிறகு எடை தூக்குகிற வேலை எதற்கும் லாயக்கில்லை என்றார்கள். ஞாபகம் தப்பிய பெரியவர் ஒருவரைப் பகலில் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றேன். கதவைத் திறந்தது அவருடைய மகள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தினமும் விடிந்ததும் நீச்சல் குளத்துக்குப் போய்விட்டு வருவார். கல்லூரியில் கணக்கு ஆராய்ச்சி செய்கிற பேராசிரியர். கல்யாணம் இல்லை. அப்பா, நீச்சல், கணக்கு, அடிக்கடி தீய்ந்துபோகும் சமையல், இவ்வளவுதான் அவர் வாழ்க்கை. நான் மேடம் என்று கூப்பிடுவேன், அவர் என்னை அண்ணே என்பார்.

"மருந்து பேரெல்லாம் படிச்சுப் பார்த்துக் குடுத்திடுவீங்கல்ல அண்ணே?" என்று கேட்டார்.

"அதுக்கென்ன மேடம், படிச்சிட்டாப் போச்சு."

எனக்கு அப்போது ஓர் எழுத்துகூடத் தெரியாது. பேரன் எடுக்கிற வயதில் ஒரு பெண்பிள்ளை முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பாட்டில்களை நிறத்தை வைத்தும் மூடியை வைத்தும் அடையாளம் பிடித்துக்கொண்டேன்.

பெரியவர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். மற்றதெல்லாம் அவருக்கு மறந்துபோயிருந்தது, வண்டி மட்டும் மறக்கவில்லை. என்னைப் பார்த்த முதல் நாளே தன் கண்டக்டர் என்று முடிவு செய்துவிட்டார்.

"யோவ் கண்டக்டர், எங்கேயா போயிட்டே? டிக்கெட் போட்டு முடிச்சாச்சா?"

"முடிச்சாச்சு டிரைவர் சார். உட்கார இடமில்லை."

"படியில தொங்கறவனை உள்ளே ஏறச் சொல்லு. சொன்னா கேக்கலைன்னா வண்டி நகராதுன்னு சொல்லு."

நான் விசில் கொடுப்பேன். வாயாலேயே. அவர் நடக்கத் தொடங்குவார். காலையில் எழுந்தால் சாயங்காலம்வரை நடைதான். சாயங்காலம் மேடம் வந்து அவருடன் கேரம் ஆடுவார். சிவப்புக் காய் குழிக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் பெரியவர் அடிக்க மாட்டார். சிக்னல் விழுந்திருக்கிறது என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். "பச்சை விழுந்தாச்சுப்பா, போங்க" என்று மகள் சொன்ன பிறகுதான் அடிப்பார். அந்த வீட்டில் சிரிப்பு இல்லாத நாள் இல்லை. இதையும் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இரண்டு வீடுகளின் நடுச்சுவரை எடுத்து ஒன்றாக்கிய வீடு அது. அதனால் கூடத்தின் நடுவில் உருண்டையான சிமெண்டுத் தூண் ஒன்று நிற்கும். பெரியவருக்கு அதுதான் ரவுண்டானா. அதைச் சுற்றித்தான் அவர் ரூட். எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுற்றுவார். தூக்கக் கலக்கத்தில்கூட எதிர்ப்பக்கம் போனதில்லை. நல்ல ஓட்டுநர் ரவுண்டானாவை எதிர்த்திசையில் சுற்ற மாட்டார். இன்னொரு விஷயத்திலும் கண்டிப்பானவர். கண்டக்டர் பின்னால் நின்று குரல் கொடுக்காமல் வண்டியைப் பின்னால் எடுக்கவே மாட்டார். மேசைக்கும் சுவருக்கும் நடுவில் போய் முட்டிக்கொண்டால் அங்கேயே நிற்பார். நான் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, "வரலாம், வரலாம், வரலாம்... நில்லு" என்று சொன்னால்தான் ஓரடி பின்னால் வைப்பார்.

"ஆள் நிக்காம ரிவர்ஸ் எடுக்கறவன் டிரைவர் இல்லைய்யா, கொலைகாரன்" என்பார்.

மேடத்தின் ஆராய்ச்சியைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குப் புரிந்த அளவு சொல்கிறேன். அவர் கூடத்து ஜன்னல் கண்ணாடி முழுக்க எழுதுவார். இங்கிருந்து அங்கே போகிற வளைகோடுகள், அவற்றுக்கு நடுவே அம்புகள். பெரியவர் கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பார்.

"இது எந்த ரூட்டு குட்டி?"

"ஹோமோடோபிப்பா."

"அந்த ஊருக்கு நம்ம வண்டி போகாதே."

"என் வண்டியும் இன்னும் போய்ச் சேரலைப்பா" என்று சிரித்தார் மகள்.

ஒரு விடுமுறை நாளில் எனக்கு விளக்கினார். மாணவர்களுக்குக் காட்டுவதற்காக மெத்தென்ற பருத்திக் கயிறு ஒன்று வைத்திருந்தார். தன் அறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருப்பார். அதன் இரு முனையையும் சேர்த்து வளையமாக்கித் தரையில் போட்டார்.

"இப்ப நடுவுல ஒண்ணும் இல்லை. சுருக்கிக்கிட்டே வாங்க. என்ன ஆகும்?"

"கைக்குள்ள வந்திடும்."

"ஒரு புள்ளியா ஆயிடும். சரி, தூணைச் சுத்திப் போடறேன். அறுக்காம, தூக்காம இப்ப சுருக்குங்க."

"தூண் இடிக்குது மேடம்."

"அதேதான் அண்ணே. ஒரு இடத்துல ஓட்டையோ தூணோ இருக்கான்னு வெளியே போகாமலே கண்டுபிடிக்கிற வழி இது. ஒரு சுத்து சுத்தினது வேற, ரெண்டு சுத்து சுத்தினது வேற. கயிறை எப்படி நகர்த்தினாலும் ஒண்ணை இன்னொண்ணா ஆக்க முடியாது. ஆனா போன அத்தனை சுத்தும் எதிர்ப்பக்கமா திரும்பி வந்துட்டா, எல்லாம் அவிழ்ந்து போகவே போகாத மாதிரி ஆயிடும்."

"அத்தனை சுத்துக்குக் கயிறு நீளம் வேணுமே?"

"எங்க உலகத்துல கயிறு எவ்வளவு வேணா இழுபடும். நீளம் கணக்கிலேயே இல்லை."

"அப்படி ஒரு கயிறு கிடைச்சா சாரக்காரன் பாடு யோகம்தான்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு தன் சொந்த வேலையைச் சொன்னார். ஒரு வழியை மெல்ல நகர்த்தி இன்னொரு வழியாக ஆக்குவது ஒரு மாடியாம், அதற்குத்தான் ஹோமோடோபி என்று பேராம். அப்படி நகர்த்துகிற விதங்களில் ஒன்றை இன்னொன்றாக நகர்த்துவது அடுத்த மாடியாம். இப்படி மேலே மேலே போகுமாம். மேலே ஏதோ ஒரு மாடியில் ஓட்டை இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவர் பல வருஷமாகத் தேடுவது. கிட்டே வந்துவிட்டேன் என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். பரீட்சையில் தேறிய பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது. எனக்குப் பொறாமை இல்லை. ஒரு மனுஷி தலைக்குள்ளேயே இத்தனை மாடி ஏறுகிறாள், நமக்குப் பேருந்தின் பெயர்ப்பலகையைக்கூடப் படிக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

கொஞ்ச நாளில் மருந்துக் கடைக்காரர் ஒரு மருந்தை வேறு மூடி போட்ட பாட்டிலில் கொடுத்துவிட்டார். தவறான மருந்தைக் கரண்டியில் ஊற்றிவிட்டேன். வாசனையில் சந்தேகம் வந்து கொட்டினேன். அன்றைக்கு முடிவு செய்தேன், படித்தே ஆக வேண்டும் என்று. நூலகத்தின் கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பு. நடந்து போகிற தூரம். பெரியவர் நலனுக்காகத்தான் போனேன். அந்த எண்ணத்தில்தான் தொடங்கினேன்.

அவரைத் தனியாக விட முடியாது. அடுப்புக் குமிழைச் சாவி என்று நினைத்துத் திருகுவார். "ஸ்டார்ட் ஆகலையேப்பா" என்று மறுபடி மறுபடி திருகுவார். ஆகவே அந்தப் பருத்திக் கயிற்றை எடுத்தேன். ஒரு முனையைத் தூணில் கட்டினேன், மறுமுனையை அவர் இடுப்பில். இடுப்பில் உரசாமல் இருக்க அடியில் துண்டு சுற்றினேன்.

"இது என்னய்யா புதுசா?"

"சீட் பெல்ட் டிரைவர் சார். புது ரூல்."

"எதுக்குத்தான் ரூல் போடலை இவங்க" என்று சலித்துக்கொண்டார். ஆனால் ரூல் என்றால் மீற மாட்டார். அவிழ்க்க முயன்றதே இல்லை.

அடுப்புச் சிலிண்டரை மூடிவிட்டு, கயிறு கட்டாமல் கதவை மட்டும் பூட்டிவிட்டுப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போயிருக்கலாம். ஆனால் பூட்டிய கதவை அவர் தட்டுவார். தட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வருவார்கள், நான் இல்லாதது மேடம் காதுக்குப் போகும், எங்கே போனாய் என்று கேட்பார், எழுத்துத் தெரியாது என்பது தெரிந்துவிடும். துண்டு சுற்றியதும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளே அவரைக் குளிப்பாட்டுவார். இடுப்பில் தடம் இருக்கக் கூடாது.

மேடத்திடம் கேட்டிருந்தால் அந்த நேரத்தை அவரே கொடுத்திருப்பார். வேறு ஆளை ஏற்பாடு செய்திருப்பார். கண்ணாடியில் எழுதி அவரே சொல்லிக் கொடுத்திருந்தாலும் ஆச்சரியமில்லை. இது எனக்கு அப்போதே தெரியும்.

முதல் நாள் வகுப்பு முடிந்து வந்து பார்த்தால் பெரியவர் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் கயிறு முழுக்கத் தூணில் ஏறிவிட்டது.

"டிராஃபிக்கு கண்டக்டர். ஒரு அங்குலம் நகரலை. எங்கேய்யா போனே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே சிரித்தேன். அவர் பின்னால் நின்று, "வரலாம், வரலாம்" என்றேன். சுற்றிய சுற்றெல்லாம் பின்னாலேயே நடந்து வந்தார். மேடம் சொன்னது அச்சு அசலாக நடந்தது. போகவே போகாத மாதிரி ஆயிற்று.

மேடம் அன்று தூணில் போட்ட வளையம் தளர்வானது. அப்படிப் போட்டிருந்தால் வளையமும் அவரோடு சேர்ந்து சுழன்றிருக்கும், கயிறு சுற்றியிருக்காது. நான் போட்டது சாரத்து முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும், கம்பை விட்டு நகராது. அந்த முடிச்சை மாற்றியிருக்கலாம். சாரக்காரன் கைக்குத் தளர்வாக முடிச்சுப் போட வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வகுப்புக்குப் போன ஒவ்வொரு நாளும் இப்படித்தான் நடந்தது. வருவேன், தூணோடு ஒட்டி நிற்பார், பின்னால் எடுப்போம். சில நாள் கயிறு நெஞ்சுவரை ஏறியிருக்கும். முகம் சிவந்திருக்கும். தண்ணீர் கொடுப்பேன். "ஃபுல் லோடுய்யா, மூச்சு முட்டுது" என்பார். மருந்துப் பெயர் படிக்கிற அளவுக்கு எழுத்து எனக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருந்தேன். போகிற வழியில் கடைப் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். இத்தனை வருஷம் ஊமையாக நின்ற சுவர்கள் எல்லாம் என்னோடு பேசத் தொடங்கின மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்கிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

அன்றைக்கு வகுப்பில் எல்லோருக்கும் ஒரு சின்னக் கதைப் புத்தகம் கொடுத்தார்கள். வகுப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது. நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கால் தளர்ந்து சரிந்திருக்கிறார். கயிறு இடுப்பிலிருந்து மேலே ஏறியிருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் இருக்கிறது.

முதலில் முடிச்சை அவிழ்த்தேன். துண்டை எடுத்துத் துவைக்கிற துணியோடு போட்டேன். கயிற்றைத் தூணில் சும்மா சுற்றியிருந்த மாதிரி விட்டேன். பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன். மருந்து வாங்கப் போயிருந்தேன், அதற்குள் கயிற்றை எடுத்துத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறார் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். என் குரல் நடுங்கியது. அதையும் துக்கம் என்று நினைத்தார்கள்.

மேடம் கல்லூரியிலிருந்து ஓடிவந்தார். விரலெல்லாம் சாக்பீஸ் தூள். அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அண்ணே, கயிறை நான் ஆணியில மாட்டலையா?"

ஆணியிலிருந்து எடுத்தது நான். என் கையால்.

"நாற்காலி மேல கிடந்துச்சு மேடம்" என்றேன்.

அன்றோடு அவர் கண்ணாடியில் எழுதியிருந்ததையெல்லாம் ஈரத்துணியால் துடைத்துவிட்டார். நீச்சலுக்குப் போவதில்லை. கல்லூரிக்கும் போவதில்லை. அந்த மாடி அப்படியே நிற்கிறது. நீங்கள் அவரைக் கூப்பிட்டு விசாரித்தபோது, கவனக்குறைவு தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். அதைவிட ஒன்று. போன வாரம் நான் என் சாமான்களை எடுக்கப் போனபோது, வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னால உங்களுக்கும் கெட்ட பேர் அண்ணே. மன்னிச்சிடுங்க."

மன்னிப்பு என்னிடம் கேட்டார். நான், "பரவாயில்லை மேடம், விடுங்க" என்றேன். அப்படித்தான் சொன்னேன், ஐயா. பரவாயில்லை என்றேன்.

படி இறங்கும்போது மறுபடி கூப்பிட்டு ஒன்று கேட்டார். கயிறு எத்தனை சுற்று, எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டுக் கடைசியில், "ஒரு சுத்தாவது திரும்பி வரப் பார்த்தாராண்ணே? திரும்பினா அவிழ்ந்திடும்னு அவருக்குத் தெரியலையா?" என்றார். அவருக்கு இனி வேறெதுவும் தெரிய வேண்டியதில்லை, இது ஒன்றுதான் வேண்டும் என்பதுபோல் நின்றார்.

தெரியாது மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வி என்னோடு வந்துவிட்டது. அதனால்தான் உங்களிடம் வந்தேன். இந்தக் காகிதத்தை அவரிடம் காட்டுங்கள். பதில் இதில் இருக்கிறது.

மேலே ஓரிடத்தில், நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. அப்படியே கிடக்கட்டும். இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டது அதுதான்.

வகுப்பு அன்றைக்கு நீளவில்லை. நேரத்துக்கே முடிந்தது. வழியெல்லாம் புத்தகத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். யாரும் சொல்லித் தராமல் நானாகப் படித்த முதல் கதை அது. ஓர் ஆட்டுக்குட்டி மழையில் வழி தவறிவிடுகிறது. வீட்டு வாசலுக்கு வந்தபோது கடைசிப் பக்கத்தில் இருந்தேன். உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. தெளிவாகத்தான் கேட்டது.

"கண்டக்டர். ரிவர்ஸ் எடுக்கணும். பின்னால வா."

மேடம், அவருக்குத் தெரிந்திருந்தது. திரும்பினால் அவிழும் என்று தெரிந்துதான் கேட்டார். ஆள் நிற்காமல் பின்னால் எடுக்கக் கூடாது என்பதற்காகக் காத்திருந்தார்.

தினமும் இப்படித்தானே நிற்கிறார், இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன். உள்ளே போனால் சாயங்காலம்வரை புத்தகத்தைத் தொட முடியாது. படிக்கட்டில் உட்கார்ந்தேன். மறுபடி கூப்பிட்டார். எனக்கு ஒரு வரி தப்பிப்போய், அதை முதலிலிருந்து கூட்டிப் படிக்க வேண்டியதாயிற்று. எரிச்சலாக இருந்தது. அடுத்த முறை கூப்பிட்டபோது குரல் தேய்ந்திருந்தது. பிறகு விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவராகவே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அமைதியாகிவிட்டது. அமைதியானதும் படிப்பது சுலபமாக இருந்தது.

ஆட்டுக்குட்டி பத்திரமாக வீடு வந்து சேர்ந்துவிட்டது. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் சாவியை எடுத்தேன்.